சளிக்கு ஆன்டிபயாடிக் எதற்கு?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2000ஆம் ஆண்டில், ஒரு வயது நிரம்பாத ஆயிரம் குழந்தைகளுக்குச் சுமார் 1,250 ஆன்டிபயாடிக் சீட்டுகள் எழுதப்பட்டன. 2014இல் இது 500க்கும் கீழே இறங்கியது. அதே காலத்தில், ஒன்று முதல் நான்கு வயதுவரை உள்ளவர்களிடம் புதிதாக ஆஸ்துமா கண்டறியப்படுவது 26 விழுக்காடு குறைந்தது. நோயெதிர்ப்பியல் மருத்துவர் ஸ்டூவர்ட் டர்வியும் சக ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட கணக்கு இது.

மருந்து போவது வயிற்றுக்கு. மூச்சுக்குழலுக்கு என்ன வந்தது? டர்வியும் நுண்ணுயிரியலாளர் பிரெட் ஃபின்லேயும் 2015இல் இதற்கு விடை தேடினார்கள். 319 குழந்தைகளின் மலத்தைச் சோதித்ததில், ஆஸ்துமா வரும் வாய்ப்பு மிகுந்தவர்களுக்கு மூன்று மாத வயதிலேயே குடலில் நான்கு வகை பாக்டீரியாக்கள் குறைந்திருந்தன. அந்த நான்கையும் எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் குட்டிகளுக்கு நுரையீரல் அழற்சி தணிந்தது. அதற்கு ஓராண்டு முன்பே சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் பெஞ்சமின் மார்ஸ்லண்ட் குழுவினர், குடலுக்கும் நுரையீரலுக்கும் இடையிலான பாதையை எலிகளில் காட்டியிருந்தனர். உணவிலுள்ள நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைக்கின்றன. அப்போது உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் கலக்க, எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் நோயெதிர்ப்பு அணுக்களின் குணமே மாறுகிறது. நுரையீரலுக்குப் போய்ச் சேரும் அந்த அணுக்கள் ஒவ்வாமையைத் தூண்டிவிடுவதில்லை.

நெஞ்சு பலவீனமான குழந்தைக்குத்தானே மருந்தும் அதிகம் தருவார்கள், பழியை மருந்தின்மேல் போடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மூச்சுக் கோளாறுக்காக ஆன்டிபயாடிக் வாங்கிய குழந்தைகளை 2020 ஆய்வில் டர்வி குழுவினர் ஒதுக்கிவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் தொடர்பு அறுபடவில்லை. இதை மட்டும் வைத்து இறுதித் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் பெரும்பாலும் வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது என்பது ஏற்கெனவே தெரிந்த ஒன்று. அதை நிறுத்துவதற்கு இந்தச் சான்றே அதிகம்.

இந்த ஆராய்ச்சியைக் காட்டி 'நல்ல பாக்டீரியா' பொடி விற்கக் கிளம்புவார்கள். கனடாவில் குறைந்தது மருந்துச் சீட்டு. எந்தப் பொடியும் அங்கே விநியோகிக்கப்படவில்லை. மருத்துவர்களுக்கும் பெற்றோருக்கும் விடாமல் எடுத்துச் சொன்னார்கள், அவ்வளவே. ஆன்டிபயாடிக் தவிர்க்க முடியாதபோது தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாதிப்பு குறைவு என்றும் அங்கிருந்தே தெரியவந்திருக்கிறது.

இந்தியாவில் பல ஆன்டிபயாடிக்குகளை எச்1 பட்டியலில் சேர்த்து, விற்பனையைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்ற விதி 2014இலேயே நடைமுறைக்கு வந்தது. ஆயினும் சீட்டில்லாமல் வாங்குவது இன்னும் அரிதாகவில்லை. அந்தப் பதிவேடுகளை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உண்மையாகவே புரட்டிப் பார்க்கவேண்டும். கைக்குழந்தைகளுக்கு எழுதப்படும் சீட்டுகளை மாநில அரசு தனியாகக் கணக்கெடுத்து ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். பெற்றோரே, மருத்துவர் "மருந்து வேண்டாம், தானே சரியாகும்" என்றால் நம்புங்கள். வேறு மருத்துவரைத் தேடி ஓடாதீர்கள்.