வேர் விட்ட உடனே தண்ணீரில் இறக்காதீர்கள்



மாடியில் மண்ணில்லாமல் புதினா, துளசி வளர்ப்பதாகப் பலர் படம் அனுப்புகிறீர்கள். சந்தோஷம். அடுத்த வாரமே "வேர் அழுகிப் போச்சுங்க சார்" என்றும் வருகிறது. கிட் விற்றவர் உரம் போதவில்லை என்கிறாராம். காற்று போதவில்லை என்பேன் நான்.

நார்த்தூளில் பிடித்த வேர் ஈரக் காற்றில் மூச்சு விட்டுப் பழகியது. அதை ஒரேயடியாகத் தண்ணீரில் முக்கினால் திணறும். (வேரும் சுவாசிக்கும் என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!) 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். நம் மேட்டுப்பாளையத்துச் சித்திரை வெயிலில் மாடித் தொட்டி எப்படிச் சுடும் என்று உங்களுக்குத் தெரியும். கரண்ட் போனால் காற்றுப் பம்பும் நின்றுவிடும்.

குச்சியில் இருந்து மரக்கன்று எடுக்கும் நாற்றங்கால்களில், வேர் விட்டதும் வெயிலுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். நிழல்வலையில் வைத்துப் பழக்குவார்கள். அந்தப் பொறுமை இங்கேயும் வேண்டும். வேர் இரண்டு அங்குலமாவது வரட்டும். நார்த்தூளை மெதுவாக அலசுங்கள். முதல் வாரம் உரக்கரைசல் பாதி அளவு போதும். வேரின் மேல்பகுதி தண்ணீருக்கு வெளியே, காற்றில் இருக்கட்டும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி பம்பே இல்லாமல் லெட்யூஸ் வளர்த்துக் காட்டியது அந்த இடைவெளியை நம்பித்தான்.

ஆயிரக்கணக்கில் கிட் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வெளிச்சம் புகாத மூடி போட்ட வாளியும், மீன் தொட்டிப் பம்பும் போதும்.

வேர் அழுகியவர்கள் மத்தியானம் இரண்டு மணிக்குத் தண்ணீர்ச் சூட்டை அளந்து கீழே எழுதுங்கள், பார்க்கலாம்.