பில்டர் ஆபீஸ்ல ஏஐ வரட்டும், ஆனா உங்க பணத்துக்குப் பூட்டு யார் போடுறது?



சம்பளம் வாங்குற நம்மில் பலருக்கு வாழ்க்கையிலேயே பெரிய செலவு வீடுதான். அஞ்சாறு வருஷம் சேமிச்சு, பிஎஃப்ல கொஞ்சம் எடுத்து, மீதிக்கு 20 வருஷம் லோன் போட்டு வாங்குறோம். அந்தப் பணமும், கூடவே நம்ம ஆதார், பான், சேலரி ஸ்லிப் எல்லாமும் போய்ச் சேர்வது ஒரு கட்டுமான நிறுவனத்தோட ஆபீஸுக்கு. அதனால அந்த ஆபீஸ் ஏஐ-யை எவ்வளவு பாதுகாப்பா பயன்படுத்துது என்பது நம்ம பர்ஸ் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஏஐ வேண்டாம்னு நான் சொல்லவே இல்லை. எஸ்டிமேட் போட, டிராயிங்ல இருக்கும் முரண்பாட்டைக் கண்டுபிடிக்க, சைட் கேமராவில் ஹெல்மெட் போடாதவங்களைக் காட்ட, எல்லாத்துக்கும் அது உதவும். வேலை சீக்கிரம் முடிஞ்சா, வாடகையும் இஎம்ஐ-யும் சேர்த்துக் கட்டுற மாசங்கள் நமக்குக் குறையும். ஆனா கருவி வர்றதுக்கு முன்னாடி அதுக்கான விதி வரணும். இதுதான் என் கருத்து.

ஏன்னு கேக்கறீங்களா? சிட்னி ஓபரா ஹவுஸுக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்த பிரிட்டிஷ் நிறுவனம் ஆரப். 2024 தொடக்கத்தில் அதன் ஹாங்காங் ஆபீஸ் ஊழியர் ஒருவருக்கு, லண்டன்ல இருக்கும் நிதித்துறைத் தலைவர் பெயரில் ஒரு மெயில் வந்தது. ரகசியமா பணம் அனுப்பணும்னு இருந்ததால அவருக்குச் சந்தேகம். அப்புறம் ஒரு வீடியோ கால். தலைவர் இருந்தார், தெரிஞ்ச சக ஊழியர்களும் இருந்தாங்க. சந்தேகம் போயிடுச்சு. 15 தடவையா, 5 வங்கிக் கணக்குகளுக்கு, மொத்தம் 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பிட்டார். நம்ம ரூபாயில் 200 கோடிக்கு மேல். அந்தக் காலில் இருந்த மத்த எல்லாருமே டீப்ஃபேக்!

கவனிங்க, யாரும் கம்ப்யூட்டரை உடைச்சு உள்ளே வரல. ஒரு மனுஷனோட நம்பிக்கையைத்தான் உடைச்சாங்க. தலைமை அலுவலகத்துக்கு, ஏற்கனவே தெரிஞ்ச நம்பரில் ஒரு போன் போட்டிருந்தா இது நின்னிருக்கும்.

இரண்டாவது ஆபத்து உள்ளே இருந்தே வருது. கம்பெனி ஒரு கருவியும் வாங்கித் தரலைன்னா, ஊழியர் சொந்தமா ஒரு இலவச சாட்பாட்டைத் திறப்பார். டெண்டர் ரேட், பிஓக்யூ, வாடிக்கையாளர் லிஸ்ட் எல்லாம் அதில் பேஸ்ட் ஆகும். 2023-ல் சாம்சங் ஊழியர்கள் கம்பெனி சோர்ஸ் கோடை சாட்ஜிபிடியில் போட்டது தெரிஞ்சதும், அந்த நிறுவனம் இந்த மாதிரி கருவிகளுக்கே தடை போட்டது. தடை போட்டா ஆளுங்க போனில் ஒளிஞ்சு பயன்படுத்துவாங்க. அதைவிட, தரவைப் பயிற்சிக்கு எடுக்காத கட்டணக் கணக்கு ஒன்றை வாங்கிக் கொடுத்து, எதைப் போடலாம் எதைப் போடக்கூடாதுன்னு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

"சின்ன பில்டருக்கு இதுக்கெல்லாம் ஏதுங்க பட்ஜெட்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா முக்கியமான பூட்டுகளுக்குச் செலவே இல்லை. வங்கிக் கணக்கு மாறினா பழைய நம்பருக்குக் கூப்பிட்டு உறுதி செய்யணும். பெரிய தொகைக்கு ரெண்டு பேர் ஒப்புதல் தரணும். ஏஐ போட்ட கணக்கில் பொறுப்பான இன்ஜினியர் ஒருத்தர் பார்த்துக் கையெழுத்துப் போடணும். இதுக்கு ஒழுக்கம் போதும்.

சட்டம் பார்த்துக்குமா? 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைச் சரியா பாதுகாக்காத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனா அந்த அபராதம் அரசுக்குப் போகும், உங்க கைக்கு வராது. ரெரா சட்டப்படி, வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில் இருக்கணும். நீங்க தவறான கணக்குக்கு அனுப்பிட்டா அந்தப் பாதுகாப்பும் உங்களுக்கு இல்லை.

அதனால வீடு புக் பண்ணவங்க மூணு விஷயம் செய்யுங்க.

1. ஸ்டேஜ் பேமெண்ட் கேட்டு மெயிலோ வாட்ஸ்அப்போ வந்தா, கணக்கு எண்ணை அக்ரிமெண்ட்டோடு ஒப்பிடுங்க. ஒரு எண் மாறியிருந்தாலும் நேரில் போய்க் கேளுங்க.

2. "ஸ்லாப் போட்டாச்சு"னு வரும் போட்டோவை மட்டும் நம்பாதீங்க. இப்போ அந்த மாதிரி படம் செய்ய அஞ்சு நிமிஷம் போதும். சைட்டைப் போய்ப் பாருங்க.

3. பணம் தப்பான இடத்துக்குப் போயிட்டா, உடனே 1930-க்குக் கூப்பிடுங்க, வங்கிக்கும் சொல்லுங்க. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

நீங்களே கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்க்குறீங்களா? நாளைக்கே மேனேஜரிடம் ஒரு கேள்வி கேளுங்க: "சார், நம்ம கம்பெனியில ஏஐ-ல எதைப் போடக்கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?" பதில் இல்லைன்னா, முதல் பக்கத்தை நீங்களே எழுதிக் கொடுங்க. இன்னொருத்தரோட 20 வருஷ இஎம்ஐ அதுல இருக்கு.