யந்திர உலகம்: பிரேக்கில் புகுந்த காற்று

மனித உடம்பில் காற்று இருக்கிற வரையில் க்ஷேமம். மோட்டார் வண்டியின் பிரேக் குழாயிலோ காற்று இல்லாத வரையில்தான் க்ஷேமம்!

காரணம் எளியது. நாம் பெடலை மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரம் வரையில் கொண்டு சேர்ப்பது பிரேக் ஆயில். திரவம் அழுத்தினால் சுருங்குவதில்லை என்றே சொல்லலாம். ஓரிடத்தில் பெற்ற அழுத்தத்தை எங்கும் சமமாய்ப் பரப்பும். பதினேழாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கிய உண்மை இது. காற்றோ சுருங்கும் இயல்பினது. குழாயில் அது புகுந்துவிட்டால், நமது மிதி அதைச் சுருக்குவதிலேயே வீணாகும். பெடல் பஞ்சு மெத்தை போல் அமுங்கும், வண்டி நிற்காது.

ஆகையால் ஆயில் செல்லும் பாகத்தைக் கழற்றி மாட்டினால், காற்று எடுத்தே ஆகவேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் சக்கரத்தருகில் உள்ள நிப்பிளைத் திறப்பார். குமிழிகளோடு ஆயில் வெளிவரும். நிப்பிளை மூடிய பிறகே பெடலை விடவேண்டும். அவசரப்பட்டு விட்டால், வெளிக்காற்று உள்ளே ஏறிக்கொள்ளும். மேலேயுள்ள ஆயில் டப்பாவும் வற்றிவிடலாகாது.

பழைய வண்டிகளுக்கு இவ்வளவு போதும். ஆனால் 1978-ல் ஜெர்மனியில் பாஷ் கம்பெனியார் தயாரித்து, பென்ஸ் வண்டியில் பொருத்தப்பட்ட ஏ.பி.எஸ். சாதனம் இன்று சாதாரணக் கார்களிலும் குடியேறிவிட்டது. திடீரென்று பிரேக் போடும்போது சக்கரங்கள் இறுகி வழுக்காதபடி, விநாடிக்குப் பல தடவை அழுத்தத்தைத் தளர்த்தி இறுக்குவது அதன் வேலை. அதன் பெட்டிக்குள் ஒரு பம்பும் நுண்ணிய வால்வுகளும் இருக்கின்றன. அவ்வால்வுகளில் சில, ஆபத்து நேரத்தில் மட்டுமே திறப்பவை. பெட்டியைப் புதிதாக மாற்றினால், அவற்றின் பின்னால் காற்று ஒளிந்துகொள்ளக் கூடும். நூறு தடவை மிதித்தாலும் அந்தக் கதவு திறவாது.

இதில்தான் பெரிய அபாயம். பட்டறையில் பெடல் கெட்டியாகவே இருக்கும். பின்னொரு நாள் மழைச் சாலையில், குழந்தை ஒன்று குறுக்கே ஓடி வரும்போது வால்வு திறக்கும். ஒளிந்திருந்த காற்று வெளிப்படும். பெடல் கீழே போய்விடும்!

எனவே பல வண்டிகளில், ஸ்கேனர் கருவியை இணைத்துப் பம்பையும் வால்வுகளையும் இயக்கிவிட்டு, மறுபடியும் காற்று எடுக்கவேண்டும். எந்தச் சக்கரம் முதலில் என்பதை அந்த வண்டிக்குரிய புத்தகமே சொல்லும். சக்கர வேகத்தை அறியும் சென்ஸரை மட்டும் மாற்றினால் இந்தச் சிரமம் இல்லை. அது மின்சாரப் பாகம், ஆயிலோடு அதற்குச் சம்பந்தமில்லை.

திறந்து நாளான ஆயிலையும் ஊற்றலாகாது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் புதிதாயிருக்கையில் குறைந்தது 230 டிகிரி சென்டிகிரேட் வரை கொதியாது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும். கொதித்தால் எழும் ஆவியும் காற்றைப் போலவே துரோகம் செய்யும்.

வண்டியைத் திரும்பப் பெறும்போது, "ஏ.பி.எஸ். பெட்டிக்குள்ளும் காற்று எடுத்தாயிற்றா?" என்று நேயர்கள் ஒரு வார்த்தை கேட்பார்களாக. கேட்பதற்குக் கூச்சம் வேண்டியதில்லை. அந்த வண்டியில் ஏறப்போவது நமது குடும்பம்.