பர்லியார் ஆலயத்தின் சாவி

சேகரத் தலைவர் கனம் ஐயர் அவர்களுக்கு,

சாவியைக் கேட்டு நான்கு மனு கொடுத்தோம். இரண்டு கமிட்டி வழியாக, ஒன்று தங்கள் கையில், ஒன்று பதிவுத் தபாலில். ஒன்றுக்கும் பதில் இல்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்து கொடுக்கத் தாங்கள் மலையேறி வருகிறீர்கள். மற்ற நாட்களில் இந்த ஆலயம் என்னவாக இருந்தது என்பதைத் தாங்கள் பார்த்ததில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்குப் போடுவோம். ரோட்டோரம் மங்குஸ்தான் விற்கிறவர்கள், பழப்பண்ணைக்குக் கூலிக்குப் போகிறவர்கள், மேலே இருளர் குடியிருப்பில் இருக்கிறவர்கள் என்று எல்லார் வீட்டுப் பிள்ளைகளுமாகப் பதினாறு பேர் வருவார்கள். எங்கள் சபையைச் சேர்ந்த, ரிட்டயர்டான டீச்சரம்மா கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுப்பார். ஜெபம் பண்ணு என்று ஒரு பிள்ளையையும் கேட்டதில்லை. பலா பழுக்கும் மாதங்களில் யானை இறங்கும்; டார்ச் எடுத்துக்கொண்டு வீடுவரை கொண்டுபோய் விடுவோம்.

ஜூலையில் ஒரு நாள் கதவில் புதுப்பூட்டு தொங்கியது. ஆலயம் ஆராதனைக்கு மட்டுமே, ஊழியத்துக்கு மிஷனரி இயக்கம் இருக்கிறது என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. நல்ல மழை. பிள்ளைகள் தாழ்வாரத்தில் ஒண்டி நின்றார்கள். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, “டீச்சர், நாங்க ஏதாச்சும் தப்பு பண்ணிட்டோமா?” என்று கேட்டாள். டீச்சரம்மா பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள், ஐயா.

அடுத்த வாரமே மிஷனரி ஞாயிறு காணிக்கை உறைகள் வந்து சேர்ந்தன. போட்டோம். வடக்கே போய் உழைக்கிறவர்களுக்குக் கொடுப்பதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவ்வளவு தூரத்துக்குக் காசு அனுப்பும் சபைக்கு, தன் வாசலில் நனைந்து நிற்கும் பிள்ளைக்குக் கதவு திறக்க உரிமை இல்லையா?

இந்த மலையின் கதை உங்களுக்குத் தெரியும். 1846இல் கேத்தியில் பாசல் மிஷன்காரர்கள் வேலை தொடங்கினார்கள். படகர்களில் ஒருவர் ஞானஸ்நானம் பெற 1858 ஆனது. பன்னிரண்டு வருஷமும் மிஷன்காரர்கள் படகர்களின் மொழியைக் கற்று, அவர்கள் நடுவிலேயே இருந்தார்கள். 1903இல் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தபின் திருநெல்வேலிச் சபைகள் தங்கள் காசில், தங்கள் ஆட்களையே தோர்ணக்கல்லுக்கு அனுப்பின. அங்கே பேராயரான அசரியா, ஞானஸ்நானம் பெற்ற ஏழைக் கூலிகளைத் தங்கள் தலையிலேயே கைவைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் தங்களுக்குக் கேடு என்று சொல்லவைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் நம்பி அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். நீங்கள் எங்களை ஒரு சாவிக்கு நம்பவில்லை.

சபை காணிக்கை பிரிக்கிற இடம் மட்டும்தான் என்றால் அதைப் பலிபீடத்திலேயே நின்று சொல்லிவிடுங்கள். எங்கள் பெரியவர்கள் கல் சுமந்து கட்டியது அதற்காக அல்ல.

பிள்ளைகள் இப்போது டீக்கடையின் பின்பக்கம், விறகு அடுக்கிய இடத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள். கடைக்காரர் நம் சபையார் அல்ல. கேட்காமலே பல்பு மாட்டிக் கொடுத்தார். பதினாறு பேரில் ஐந்து பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அந்த நோட்டுக்காரப் பெண்ணும் அதில் ஒருத்தி.

வரும் ஞாயிறு திருவிருந்துக்குப் பூட்டைத் திறப்பீர்கள். திரும்பிப் போகும்போது பூட்டாமல் போங்கள். அவள் வீட்டுக்கு நானே போய்ச் சொல்கிறேன்.

பர்லியார் சபை அங்கத்தினன் ஒருவன்