பகை இருந்தால் பாஷையும் வேண்டாமா?

கோடை விடுமுறை வந்ததும் அமெரிக்கக் கல்லூரி மாணவர் சிலர் சீனாவுக்கோ தைவானுக்கோ விமானம் ஏறுவது பல ஆண்டுகளாக இருந்துவரும் வழக்கம். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. சீன மொழி படிக்க. சுமார் எட்டு வாரம் அங்கேயே தங்கி, அந்த மக்களோடு பழகி, ஓரளவு பேசவும் எழுதவும் கற்றுக்கொண்டு திரும்புவார்கள். இப்போது அந்த வழக்கம் அங்கே தேய்ந்து வருகிறது. நம் நாட்டிலோ அது வேர் பிடிக்கவே இல்லை. இரண்டுமே வருந்தத்தக்கவை.

இத்தகைய திட்டங்களில் பெயர் பெற்ற ஒன்றை 1993-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் பெய்ஜிங் நார்மல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஓராண்டுக் கல்லூரிப் பாடத்தை எட்டு வாரத்தில் முடித்துவிடுவார்கள். காலையில் வகுப்பு, பிறகு ஆசிரியருடன் தனியே பேச்சுப் பயிற்சி, இரவெல்லாம் எழுத்துப் பயிற்சி. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நிபந்தனை உண்டு. படிப்பு முடியும்வரை சீனம் தவிர வேறு மொழி பேசுவதில்லை என்று ஒவ்வொரு மாணவரும் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டுக் கூடத்திலும் கடைத்தெருவிலும் சீனம்தான்.

வாக்குறுதியின் பலன்

இந்த நிபந்தனையின் அருமையைப் பிழைப்புக்காக வேற்றூர் வந்த தமிழர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மும்பைக்கு வந்து இந்திக்காரர்களோடு ஒரே அறையில் தங்கிய இளைஞர் ஆறு மாதத்தில் இந்தி பேசிவிடுகிறார். வீடு, கடை, கோயில், நட்பு எல்லாம் தமிழ் வட்டத்துக்குள்ளேயே அமைந்துவிட்ட ஒருவர் இருபது ஆண்டு இருந்தும் மராத்தியில் நான்கு வாக்கியம் பேசத் தடுமாறுகிறார். அறிவில் குறைவு என்பதல்ல காரணம். முன்னவருக்கு வேறு வழி இல்லை, பின்னவருக்கு இருந்தது. அந்த 'வேறு வழி'யை வேண்டுமென்றே எட்டு வாரத்துக்கு அடைத்துவிடுவதுதான் அமெரிக்கர் கண்ட உபாயம்.

சீன மொழிக்கு இது மிகவும் அவசியம். தமிழில் 'மா' என்றால் மாமரம், மாவு, விலங்கு என்று பல பொருள் உண்டு. இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். சீனத்திலோ 'மா' என்ற ஒலியைச் சொல்லும் குரலின் ஏற்ற இறக்கத்துக்கேற்பத் தாய், சணல், குதிரை, திட்டுதல் என்று பொருள் மாறிவிடும். இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். காதால் கேட்டுத்தான் பழக முடியும்.

எட்டு வாரத்தில் யாரும் பண்டிதர் ஆகிவிடுவதில்லை என்பதும் உண்மை. ஓர் ஆங்கிலேயரோ அமெரிக்கரோ சீனத்தில் அலுவல் செய்யும் அளவுக்குத் தேர ஏறத்தாழ 2,200 மணி நேர வகுப்பு தேவை என்பது அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிலையத்தின் கணக்கு. ஒரு கோடையில் அதில் பத்தில் ஒரு பங்குகூட முடிவது கடினம். ஆனால் கூச்சம் தெளிந்துவிடும், காது பழகிவிடும். மிச்சத்தை ஊருக்குத் திரும்பியும் தொடரலாம்.

வெறிச்சோடிய வகுப்புகள்

2011-12 கல்வியாண்டில் சீனாவில் படித்த அமெரிக்க மாணவர் ஏறத்தாழ 15,000 பேர். 2020-21-இல் அந்த எண்ணிக்கை 382. கொரோனாவால் எல்லை மூடப்பட்டது பெரிய காரணம். ஆனால் அது மட்டுமே காரணமல்ல. 2020 ஜூலையில் சீனாவுடனான புல்பிரைட் கல்விப் பரிமாற்றத்தை அமெரிக்க அரசே நிறுத்தியது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் பெய்ஜிங்கில் நடத்திவந்த கோடை வகுப்பை 2022 முதல் தைவான் தலைநகர் தைபேக்கு மாற்றிக்கொண்டது. ஐந்தாண்டில் 50,000 அமெரிக்க இளைஞர்கள் வரட்டும் என்று 2023 நவம்பரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் அழைத்தார். எண்ணிக்கை சிறிது கூடியதே தவிர, பழைய நிலை திரும்பவில்லை.

இதே அமெரிக்கா முன்பு வேறு விதமாக நடந்துகொண்டது. 1957-இல் ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும், மறு ஆண்டே சட்டம் இயற்றி, ரஷ்யன், சீனம் முதலிய மொழிகளைக் கற்பிக்கப் பணம் ஒதுக்கியது. சீனாவுக்குள் நுழைய முடியாத அக்காலத்தில், 1963-இல் தைபேயில் பல்கலைக்கழகங்கள் கூடி மொழிப் பயிற்சி மையம் அமைத்தன. பகை முற்றிய நேரத்தில்தான் பகைவன் பாஷையை அதிகம் படித்தார்கள்!

நம் நாட்டு நிலை

சாந்திநிகேதனில் 1937-இல் தாகூர் காலத்திலேயே சீன பவனம் எழுந்தது. அதைக் கட்டி வளர்த்தவர் தான் யுன்-ஷான் என்ற சீன அறிஞர். டில்லிப் பல்கலைக்கழகங்களிலும் சீனத் துறைகள் உண்டு. ஆனால் புதிய தேசியக் கல்விக் கொள்கையின் 2019 நகலில் அயல்மொழிகளின் வரிசையில் இருந்த சீனம், 2020-இல் வெளியான இறுதி வடிவில் காணாமற் போயிற்று. அதற்குச் சற்று முன் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரர் 20 பேர் உயிர் நீத்தனர். மக்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தைப் பாஷையின் மேல் காட்டுவதால் யாருக்கு நஷ்டம்?

2023-24-இல் மட்டும் சீனாவிலிருந்து இந்தியா வாங்கிய சரக்கின் மதிப்பு 10,000 கோடி டாலருக்கு மேல். எல்லைப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அங்கிருந்து வரும் இயந்திரத்தைப் பழுது பார்க்க அதன் குறிப்பேட்டைப் படிக்க ஆள் வேண்டும். தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் கைப்பேசி தயாரிக்கும் பாக்ஸ்கான் தைவான் நாட்டு நிறுவனம். அத்தகைய ஆலைகளில் மேலதிகாரியின் பாஷை தெரிந்த தொழிலாளிக்கும் தெரியாதவருக்கும் உள்ள வேறுபாட்டை வேற்று மாநிலத்தில் வேலை செய்யும் எவரும் அறிவர்.

ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் வழி வேண்டும்

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. விமானக் கட்டணம், தங்குமிடம், படிப்புச் செலவு என்று ஒரு கோடைக்கே லட்சக்கணக்கில் ஆகும். குமாஸ்தா வீட்டுப் பிள்ளையும் ஆலைத் தொழிலாளியின் பிள்ளையும் அதை நினைத்துப் பார்க்க முடியுமா? வசதி உள்ளவர் மட்டுமே போவதென்றால் அது உல்லாசப் பயணமாகவே முடியும். அமெரிக்க வெளியுறவுத் துறை 2006-இல் தொடங்கிய மொழி உதவித்தொகைத் திட்டம், பயணம் முதல் படிப்பு வரை முழுச் செலவையும் ஏற்றது. அந்த முறைதான் இங்கும் தேவை.

மத்திய அரசு ஆண்டுக்குச் சில நூறு மாணவர்களைத் தேர்வு வைத்துப் பொறுக்கி, கோடையில் அனுப்பலாம். டில்லி மாணவர் மட்டும் என்றில்லாமல், பாலிடெக்னிக்கில் படிப்போருக்கும் இடம் தர வேண்டும். பெய்ஜிங்குக்கு ஒரு பகுதி, தைபேக்கு ஒரு பகுதி என்று பிரித்து அனுப்பலாம். சீனாவில் சுருக்கிய எழுத்து. தைவானில் பழைய முழு எழுத்து. இரண்டும் தெரிந்தவர்கள் நாட்டுக்கு வேண்டும். திரும்பி வந்தவர் ஓராண்டு பிறருக்குக் கற்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வைக்கலாம்.

சீனத்துறவி இத்சிங் 671-இல் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, வழியில் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் படித்தார். அவருக்கு முன் வந்த யுவான் சுவாங் நாளந்தாவில் கற்று எழுதி வைத்த குறிப்புகள் இல்லாவிட்டால் ஏழாம் நூற்றாண்டு இந்தியாவைப் பற்றி இன்று தெரிந்ததில் பெரும்பகுதி தெரிந்திராது. அவர்கள் இங்கு வந்து கற்றதால் இந்தியாவுக்கு எந்தக் குறையும் வரவில்லை. பயன் இரு நாட்டுக்கும் கிடைத்தது.

ஐந்தாண்டு நின்றிருந்த இந்திய-சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மீண்டும் பறக்கத் தொடங்கின. வியாபாரிகள் ஏறிவிட்டார்கள். அடுத்த கோடையிலாவது அவற்றில் மாணவர்களுக்குச் சில இருக்கைகளை ஒதுக்க அரசு முன்வர வேண்டும்.