நீரால் நலியும் பொற்கோட்டை

நீரின்றிப் பாழடைந்த நகரங்கள் உலகில் பல உண்டு. நீராலேயே நலிவுறும் பாலைவன நகரம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறதென்றால் நம்புவீர்களா? இராஜஸ்தானின் மேற்கெல்லையில், தார் பாலைவனத்தில் அமைந்துள்ள ஜெய்சல்மேரே அது.

பட்டி ராஜபுத்திர குலத்து மன்னர் ராவல் ஜெய்சல் என்பார், லோதுர்வா என்னும் தம் பழைய தலைநகர் போதிய காப்புடையதன்று எனக் கருதி, 1156-ஆம் ஆண்டில் திரிகூடக் குன்றின்மீது இக்கோட்டையை எழுப்பினார். கோட்டையும் ஊரும் மஞ்சள் நிற மணற்கல்லாலானவை. மாலைக் கதிர் படும்போது அவை பொன்னென ஒளிர்வதால், ‘பொற்கோட்டை’ என்ற பெயர் நிலைத்தது. வங்க இயக்குநர் சத்யஜித் ராய் 1974-இல் எடுத்த ‘சோனார் கெல்லா’ திரைப்படம் இப்பெயரை மேலும் பரப்பிற்று.

இந்தியாவையும் பாரசீகத்தையும் இணைத்த ஒட்டக வணிகப் பாதையில் இந்நகர் தழைத்தது. வணிகர் செல்வத்தை இன்றும் காட்டி நிற்பது பட்வா குடும்பத்தாரின் ஐந்து மாளிகைகள். அவற்றின் சாளரங்களைக் காண்போர், கல்லில் செதுக்கியதோ, துணியில் பின்னியதோ என வியப்பர். கோட்டைக்குள் சமணக் கோயில்களும், பழம் ஓலைச்சுவடிகளைப் பேணும் நூலகமும் உள்ளன. பின்னாளில் பம்பாய்த் துறைமுகம் வளர, வணிகம் கடல்வழி சென்றது. 1947-இல் பிரிவினை எல்லைக்கோடு எஞ்சிய பாதைகளையும் அடைத்தது. நகர் சோர்ந்தது. பின்னர் சுற்றுலாவே அதற்குப் புத்துயிர் அளித்தது. சாம் மணற்குன்றுகளில் ஒட்டகச் சவாரி செய்யவும், குளிர்காலத்துப் பாலைவனத் திருவிழாவைக் காணவும் மக்கள் திரளுகின்றனர்.

இனி நீரின் கதைக்கு வருவோம். இங்கு ஆண்டு மழை ஏறத்தாழ 20 சென்டிமீட்டரே. 14-ஆம் நூற்றாண்டில் ராவல் கட்சி திருத்தியமைத்த கடிசார் ஏரியே பன்னெடுங்காலம் நகரின் தாகம் தீர்த்தது. பெண்கள் தலையில் குடம் சுமந்து வந்த நீரில் ஒரு துளியும் வீணாகவில்லை. கோட்டையைக் கட்டியோரும் அவ்வளவு நீருக்கே வடிகால் அமைத்தனர்.

பின்னர் குழாய்நீர் வந்தது. பஞ்சாபிலிருந்து புறப்படும் இந்திரா காந்தி கால்வாயும் பாலையை நனைத்தது. மக்களின் பெருந்துயர் நீங்கியது, அதில் ஐயமில்லை. ஆயின், கோட்டைக்குள் விடுதிகள் பெருகின. குளியலறைகளிலும் கழிவறைகளிலும் செலவாகும் நீர் கசிந்து அடித்தளத்துக் களிமண்ணை இளக்கிற்று. எத்தனையோ முற்றுகைகளைக் கண்ட மதில்கள் ஆங்காங்கே சரிந்தன. 1996-இல் உலக நினைவுச்சின்ன நிதியம், ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் இக்கோட்டையைச் சேர்த்தது. பின்னர்ச் செப்பனிடும் பணிகள் நடைபெற்றன. 2013-இல் யுனெஸ்கோ, இராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளுள் ஒன்றாக இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

கோட்டையைக் காக்கக் குடிமக்களை வெளியேற்றலாம் என்பாரும் உளர். நாம் அதனை ஏற்கத் தயங்குகிறோம். தலைமுறை தலைமுறையாகச் சில ஆயிரம் பேர் உள்ளே வாழ்வதன்றோ இக்கோட்டையின் தனிச்சிறப்பு! ஆளற்ற கோட்டைகள் நாட்டில் ஏராளம். முதலில் ஒதுங்க வேண்டியவர்கள் விருந்தினராகச் செல்லும் நாமே. அங்குச் செல்லும் குடும்பங்கள் மதிலுக்கு வெளியே, கீழூரில் தங்கட்டும். மேலேறிக் கண்டு மகிழ்ந்து இறங்கட்டும். நீரை அளந்து புழங்கட்டும். குடம் சுமந்த பெண்கள் அறிந்திருந்த அந்த அளவை, குழாயைத் திறக்கும் நம் பிள்ளைகளும் அறிந்திருத்தல் நலம்.