கூட்டம் சேர்ந்த பிறகே வெளிச்சம்



இந்த மாதம் ஆவடியிலிருந்து கொஞ்சம் கடற்கரைப் பக்கம் போய்வரலாம். இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் வேலை பார்ப்பவர்கள், இரவில் தொட்டி ஒளிர்ந்தால் கலங்கிப்போவார்கள். தண்ணீரிலும் குஞ்சுகளின் உடம்பிலும் பச்சை கலந்த நீல வெளிச்சம் தெரிந்தால், விப்ரியோ ஹார்வேயி என்ற பாக்டீரியா பெருகிவிட்டது என்று பொருள். குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் செத்துவிடும்.

இந்தப் பாக்டீரியா ஒன்றிரண்டாக இருக்கும்போது ஒளிராது. ஒவ்வொன்றும் ஒரு வேதிப்பொருளைத் தண்ணீரில் கசியவிட்டபடியே இருக்கும். கூட்டம் பெருகப் பெருக அந்தப் பொருளும் சேரும். ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாம் ஒன்றாக ஒளிரத் தொடங்கும். கணவாயின் உடலில் குடியிருக்கும் இதன் உறவுக்காரப் பாக்டீரியாவில் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் 1970-ல் இதைக் கண்டு சொன்னார்கள். அப்போது நம்பியவர்கள் குறைவு. பிறகு பானி பாஸ்லர் என்ற ஆய்வாளர், ஹார்வேயி தன் இனத்துக்கு ஒரு சமிக்ஞையும், பிற இனங்களும் புரிந்துகொள்ளும் இன்னொரு சமிக்ஞையும் வைத்திருப்பதைக் காட்டினார்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள் இரும்புச்சத்தைப் பிடித்துவரும் ஒரு பொருளைச் சுரந்து வெளியே விடுகின்றன. சில மட்டும் எதையும் சுரக்காமல், அடுத்தவர் உழைப்பில் பங்கு எடுத்துக்கொள்கின்றன. அப்படியானால் உழைப்பவை என்றைக்கோ அழிந்திருக்க வேண்டாமா? ஆனால் பாக்டீரியா இரண்டாகப் பிளந்துதான் பெருகுகிறது. பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் சொந்த ரத்தம். கொடுத்தது உறவுக்கே போய்ச் சேரும்போது ஒத்துழைப்பு நிலைக்கிறது என்பதை 2004-ல் கிரிஃபின், வெஸ்ட், பக்ளிங் சோதனையிலேயே காட்டினார்கள்.

கூட்டுறவுதான் அவற்றின் பலம் என்றால், அதைக் குலைப்பதுதான் அவற்றை அடக்கும் வழி. ஆண்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஹார்வேயியால் நம் நாட்டில் இறால் குஞ்சுகள் மடிந்ததை மங்களூர் கருணாசாகர் குழு 1994-லேயே எழுதிவிட்டது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கருத்தபாண்டியன் குழு, பவளப்பாறைகளில் வாழும் நுண்ணுயிர்களிலும் தாவரங்களிலும் பாக்டீரியாக்களின் இந்த வேதிப் பேச்சை அடைக்கும் பொருள்களைத் தேடியது. தஞ்சை சாஸ்த்ராவிலும் இதற்கென்றே ஓர் ஆய்வகம் உண்டு. கொல்லாமல் பேச்சை மட்டும் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத வகைகள் தலையெடுப்பது குறையும் என்ற நம்பிக்கை இவர்களுக்கு. எனக்கும்தான்.

பட்டாபிராம், திருமுல்லைவாயல், பருத்திப்பட்டு வாசகர்களே, உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் சுவர் வழவழப்பாக இருக்கிறதா? அதுவும் இப்படிச் சேர்ந்த பாக்டீரியாக் கூட்டம்தான். அவை சுரந்து போர்த்திக்கொண்ட பசைக்குள் குளோரின் எளிதில் இறங்காது. எனவே பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் மட்டும் போதாது. முதலில் சுவரைப் பிரஷால் நன்றாகத் தேய்த்து, அந்தத் தண்ணீரை வெளியேற்றுங்கள். பவுடர் அதற்குப் பிறகு. சம்ப்பாக இருந்தால் மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட விடுங்கள்; யாரும் தனியாக உள்ளே இறங்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்